ஓட்டை பாட்டிலில் தண்ணீர் ஏன் நிற்கிறது?

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், அடியை ஒட்டி, ஆணியால் ஒரு ஓட்டை போடுங்கள். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்புங்கள். மூடி வேண்டாம். விரலை எடுத்தால் தண்ணீர் வளைந்து பீய்ச்சியடிக்கும். சரி, அப்படியே பாட்டிலைக் கையிலிருந்து விட்டுவிட்டால்? அது தரையைத் தொடும் வரை அந்தத் தண்ணீர் என்ன செய்யும்?

வரலாறு, வணிகவியல், இலக்கியம் என்று வேறு துறை படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியலை அறிமுகப்படுத்தும்போது இப்படி ஒரு கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சூத்திரம் அப்புறம் வரட்டும். முதலில் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், விடையைப் பார்த்த மறுநொடியே 'இது எனக்கு முன்னாடியே தெரியும்' என்று மனம் சொல்லிவிடும். ஊகம் தப்பாகப் போன இடத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறது.

பாட்டிலை விட்டதும் தண்ணீர் நின்றுவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் காட்சி. செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஓட்டை திறந்துதான் இருக்கிறது, உள்ளே தண்ணீரும் இருக்கிறது, ஆனால் ஒழுகவில்லை.

பாட்டில் கையில் இருந்தபோது மேலே இருக்கும் தண்ணீர் கீழே இருப்பதை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த அழுத்தம்தான் ஓட்டை வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளியது. விழும்போது மேல் தண்ணீர், கீழ் தண்ணீர், பாட்டில் மூன்றும் ஒரே வேகத்தில் விழுகின்றன. கூடவே விழுகிற ஒன்றின் மேல் சாய்ந்து அழுத்த முடியுமா? அழுத்தம் போய்விட்டது, ஒழுக்கும் நின்றுவிட்டது.

கனமான பொருள் வேகமாக விழாதா என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஒரு புத்தகத்தையும் ஒரு தாளையும் தனித்தனியே போட்டால் தாள் மெதுவாகத்தான் இறங்கும். புத்தகத்தைவிடச் சிறிதாக வெட்டிய தாளை அதன் மேலேயே வைத்துப் போடுங்கள், இரண்டும் சேர்ந்தே விழும். தாளைத் தாமதப்படுத்தியது காற்று; புத்தகம் அந்தக் காற்றை விலக்கிக்கொடுத்துவிட்டது. காற்றே இல்லாத நிலவில், 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்போலோ 15 பயணத்தில் சென்ற டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கீழே விட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. கனமானதை ஈர்ப்பு அதிகமாக இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அதை அசைக்க அதே அளவுக்கு அதிக விசையும் வேண்டியிருக்கிறது.

இப்போது பாட்டிலின் இடத்தில் உங்களை வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது உங்களுக்குத் தெரிகிற கனம், பூமி இழுப்பதால் நேரடியாகத் தெரிவதல்ல. தரை உங்கள் பாதத்தை மேலே தள்ளுகிறதே, அதைத்தான் உணர்கிறீர்கள். எடை மிஷினும் அந்தத் தள்ளலைத்தான் காட்டுகிறது. துள்ளிக் குதித்தால் கால் தரையில் படாத அந்தச் சிறு நேரம் முழுக்க ஈர்ப்பு அப்படியே இருக்கிறது, கனம் மட்டும் இல்லை. எனக்கு இந்த இயற்பியல் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு வரி கணக்கு இல்லாமல், சொந்த உடம்பையே சாட்சியாக வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதக்கும் காட்சியைப் பார்த்து 'அங்கே ஈர்ப்பு கிடையாது' என்று சொல்பவர்கள் மிக அதிகம். நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, தரையில் 60 கிலோ காட்டும் ஒருவர் உச்சியில் எடை பார்த்தால் ஏறக்குறைய 53 கிலோ காட்டும். ஈர்ப்பு கிட்டத்தட்ட முழுசாக அங்கே இருக்கிறது. அவர்கள் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பது. ஓட்டை பாட்டிலும் உள்ளே இருந்த தண்ணீரும் போல.

விழுகிறதென்றால் ஏன் தரையில் மோதவில்லை? நியூட்டன் இதற்கு ஒரு படம் வரைந்தார். அவர் இறந்தபின் 1728-இல் வெளியான நூலில் அது இருக்கிறது. உயரமான மலையுச்சியிலிருந்து கிடைமட்டமாக ஒரு பொருளை எறிகிறோம். வேகம் கூடக் கூட அது தள்ளித் தள்ளிப் போய் விழும். பூமி உருண்டை அல்லவா, அதன் பரப்பு 8 கிலோமீட்டருக்குச் சுமார் 5 மீட்டர் கீழ்நோக்கி வளைகிறது. விழும் பொருளும் முதல் நொடியில் சுமார் 5 மீட்டர்தான் இறங்கும். ஆகவே, காற்றின் தடை இல்லையென்றால், நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த பொருள் எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவு தரையும் இறங்கிக்கொண்டே போகும். விண்வெளி நிலையம் நொடிக்கு சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முறை பூமியைச் சுற்றிவருவது இப்படித்தான்.

எடை மிஷின் காட்டும் தள்ளலான எடையும், ஒன்றை அசைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் நிறையும் வேறு வேறு என்பதும் இங்கே தானாகப் புரிந்துவிடும். பேச்சில் இரண்டையுமே எடை என்று சொல்லிவிடுகிறோம், பாதிக் குழப்பம் அதனால்தான். நிலையத்தில் எடை மிஷின் மேல் நிற்கவே முடியாது, அதுவும் கூடவே விழுகிறதே. அதனால் வீரர்கள் ஸ்பிரிங் பொருத்திய கருவியில் உடம்பைப் பிணைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நிறை அதிகமானால் ஆட்டம் மெதுவாகும். ஒரு முறை ஆடி முடிக்க ஆகும் நேரத்தை வைத்தே உடம்பு எத்தனை கிலோ என்று கணித்துவிடுகிறார்கள்.