"புள்ளைய புடிச்சித்தான் இருந்தன் டொக்டர்"

போன கிழமையும் ஒரு புள்ள, நாலு வயசு. மட்டக்களப்பில, கல்லடியில இருந்து ஆரையம்பதிக்கு பின்னேரம் இருட்டுப்படுற நேரம் ஸ்கூட்டியில முன்னால நிக்க வச்சிக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, கட்டாக்காலி மாடு ஒண்டு குறுக்கால பாய்ஞ்சிட்டுது. தகப்பனுக்கு ரெண்டு மணிக்கட்டும் உடைஞ்சி, அந்தக் கையோட நிண்டு என்னட்ட சொல்றார், "மெதுவாத்தான் வந்த நான் டொக்டர், 40தான், புள்ளைய ரெண்டு கையுக்குள்ளயும் அணைச்சித்தான் புடிச்சிருந்தன்." இந்த வசனத்த எத்தின தரம் கேட்டுட்டன். அந்த மனுசன ஏச மனம் வரல்ல, ஆனா இத எழுதாம இருக்கவும் ஏலல்ல.

புடிக்க ஏலாது. உங்கட பாசமும் கைப்பலமும் இதில கணக்கே இல்ல. ஸ்கூட்டி 40ல போனா அதில நிக்கிற புள்ளையும் 40லதான் போகுது, செக்கனுக்கு 11 மீற்றர். ஸ்கூட்டி மாட்டில முட்டி நிண்டாலும் புள்ள நிக்காது, புள்ளைக்கெண்டு ஒரு உந்தம் இருக்கு, திணிவ வேகத்தால பெருக்கினா வாறது, அத யாராவது இல்லாமப் பண்ணினாத்தான் புள்ள நிக்கும். 15 கிலோ புள்ளைய பத்தில ஒரு செக்கனுக்குள்ள நிப்பாட்ட கிட்டத்தட்ட 170 கிலோ பாரம் தூக்கிற பலம் வேணும். மூணு சீமெந்துப் பேக்க விடக் கூட! அதுவும் ஒரு கை பிரேக்கில இருக்க, உங்கட உடம்பும் அதே வேகத்தில முன்னுக்குப் பாயிற நேரத்தில. இன்னும் ஒண்டு இருக்கு, புள்ள நிக்கிறது உங்களுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில, அப்ப பின்னால இருந்து வாற உங்கட 70 கிலோவும் புள்ளைக்கு மேலதான் வந்து விழும். அணைச்சிப் புடிச்சதெண்டு நீங்க நினைக்கிறது நசுக்கிறதாத்தான் முடியுது.

அந்தப் புள்ளைட வயித்தில ஒரு அஞ்சு ரூவா குத்தியளவு சிவப்பு வட்டம், வேற ஒரு கீறல் கூட இல்ல. ஹாண்டில் நுனி குத்தின அடையாளம் அது. வெளியில பார்த்தா ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா அத கண்டா நாங்க உடனே ஸ்கேனுக்கு அனுப்புவம், ஏனெண்டா உள்ளுக்க மண்ணீரலோ கணையமோ கிழிஞ்சிருக்கலாம். வண்டி நிண்ட பிறகு உடம்பு முட்டுது, உடம்பு நிண்ட பிறகு உள்ளுக்க இருக்கிற மூளையும் ஈரலும் போய் முட்டுது. நாங்க ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள மல்லுக்கட்டுறது அந்தக் கடைசி முட்டலோடதான்.

"40தானே" எண்டு சொல்றீங்களே, 40ல போய் முட்டுறதும் 20 அடி உயரத்தில இருந்து விழுறதும் ஒரே வேகம்தான். 60 எண்டா 46 அடி, நல்லா வளர்ந்த தென்னைமரம். 80க்கு 80 அடிக்கும் மேல. வேகம் ரெண்டு மடங்கானா இயக்கசக்தி நாலு மடங்கு, இத ஸ்கூல்ல எல்லாரும் எழுதி மார்க்ஸ் எடுத்துட்டுத்தான் வந்திருக்கம். தென்னையில இருந்து விழுந்தவர தூக்கிட்டு வரக்குள்ள ஊரே பின்னால அழுதுகொண்டு வருது, 60ல விழுந்தவன்ட கூட்டாளிமார் "சும்மா சறுக்கினது" எண்டு சொல்றாங்க.

பஸ்ஸோட நேருக்கு நேர் முட்டுறது வேற கதை. "அவனும் 50, நானும் 50, ரெண்டு பேருக்கும் சமம்" எண்டு நினைக்காதீங்க. ரெண்டுக்கும் விழுற விசை சமம்தான், திணிவு சமமில்ல. பஸ் 10,000 கிலோ, பைக்கும் ஆக்களும் சேர்ந்து 250 எண்டு வைங்க. பஸ்ஸுட வேகம் ரெண்டு மூணு கிலோமீற்றர்தான் குறையும், உள்ளுக்க இருக்கிறாக்களுக்கு ஒரு குலுக்கல். உங்கட வேகம் அந்தக் கண நேரத்தில 97 கிலோமீற்றர் அளவுக்கு மாறும், 50ல முன்னுக்குப் போன நீங்க 47ல பின்னுக்குப் போவீங்க. கல்முனை ரோட்டில பஸ்ஸோட போட்டிக்கு ஓவர்டேக் எடுக்கிற தம்பிமார் இத ரெண்டாம் தரமும் வாசிங்க.

புள்ளைய முன்னால வைக்காதீங்க, ஸ்கூட்டியில நிக்க வைக்கிறதும் வேணாம், டாங்கில இருத்துறதும் வேணாம். கால் மிதிக்கு எட்டி, உங்கட இடுப்ப தானா இறுக்கிப் புடிக்கிற வயசு வந்த பிறகு பின்னால, அளவான ஹெல்மட்டோட. அதுவரைக்கும் பஸ்ஸில போங்க, அரை மணித்தியாலம் பிந்தினாப் பரவாயில்ல. ஹெல்மட்டுக்குள்ள இருக்கிற ரெஜிபோம் நசுங்கி நசுங்கித்தான் தலை நிக்கிற நேரத்தக் கூட்டுது, நேரம் கூடினா தலையில விழுற விசை குறையும். ஒருக்கா நசுங்கினது திரும்ப அப்படி வேலை செய்யாது, அதனால ஒருக்கா அடிபட்ட ஹெல்மட்ட திருப்பிப் போடாதீங்க. பட்டிய கொழுவாம போட்டா தலை ரோட்டில படமுதல் ஹெல்மட் கழண்டுரும். அறுவடை நேரம் ராவில லைட்டில்லாம உழவு மெசின் பெட்டிய ரோட்டில விட்டுட்டுப் போறாக்களயும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன், பின்னால ஒரு ரிப்ளெக்டராவது ஒட்டுங்க.

அப்படி எங்கயாவது அடிபட்டுக் கிடந்தா 1990க்கு எடுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். மூச்சுக்கு கரைச்சல் இல்லையெண்டா ஹெல்மட்ட இழுத்துக் கழட்டாதீங்க, அடிபட்ட ஆள மடிச்சி ஆட்டோவுக்குள்ள திணிக்காதீங்க, கழுத்து உடைஞ்சிருந்தா அந்தத் தூக்கிலயே கை கால் வழங்காமப் போகும். எத்தின மணிக்கு அடிபட்ட, எவ்வளவு நேரம் மயக்கம், வாந்தி எடுத்ததா, இந்த மூண்டையும் பார்த்து வச்சிருந்து எங்கட்ட சொல்லுங்க, வாசல்லயே நாங்க முதல்ல கேக்கிறது அதத்தான்.