டிரம் செய்த உதவியை டிஸ்க் செய்யாது: பழைய டிராக் காரின் பின்சக்கர பிரேக் மாற்றம்

1960களில் அமெரிக்க ஆலைகளிலிருந்து வெளிவந்த செவ்ரலே நோவா, கமரோ போன்ற கார்களில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்குகளே இருந்தன. இன்று அவற்றை நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும் டிராக் பந்தயத்துக்காக மீட்டெடுப்பவர்கள் பலர், டிரம்மைக் கழற்றிவிட்டுத் தனியாக விற்கப்படும் டிஸ்க் பிரேக் தொகுப்பைப் பொருத்துகிறார்கள். இந்த வேலையில் பொருத்துவது எளிய பகுதி; பிரேக்கை இயக்கும் அழுத்தக் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது என்பதை உணர்ந்து செய்வதுதான் கடினமான பகுதி.

சுமார் 402 மீட்டர் நீளமுள்ள கால் மைல் ஓட்டத்தின் முடிவில், 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2.3 மெகாஜூல் ஆகும். சுமார் 7 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு ஆற்றல் போதும். காற்றின் தடை எடுத்துக்கொள்வது போக மீதியின் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாகிறது. சூடேறிய டிரம் விரியும்போது உட்புறமிருந்து அழுத்தும் உராய்வுத் துண்டுகளான ஷூக்களை விட்டு விலகிச் செல்வதால் பெடல் ஆழமாக இறங்குகிறது. டிஸ்க்கோ சூடேறினால் சற்றே தடித்து, இருபுறமும் உள்ள உராய்வுத் தகடுகளான பேடுகளை நோக்கியே விரிகிறது.

ஆனால் டிரம்முக்கு ஒரு பெரிய பலம் உண்டு. சுழலும் டிரம் தன்மேல் உரசும் ஷூவை உராய்வின் விசையாலேயே தன்னோடு இழுத்து மேலும் இறுக்கமாகப் பதியவைக்கிறது. அதனால் ஓட்டுநர் கொடுக்கும் சிறிய அழுத்தமே பெரிய பிடிப்பாக மாறுகிறது. டிஸ்க்கில் பேடுகள் பக்கவாட்டிலிருந்து அழுத்துவதால் இந்த உதவி கிடைப்பதில்லை, தேவையான விசை முழுவதையும் பிரேக் ஆயிலின் அழுத்தமே தர வேண்டும். பந்தய எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் அமைப்பு காரணமாக எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம் குறைவாக இருப்பதால், அந்த வெற்றிடத்தைக் கொண்டு மிதிவிசையைப் பெருக்கும் பூஸ்டரை நம்பவும் முடியாது.

ஆகவே பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் முக்கியமாகிறது. பெடலின் நெம்புகோல் விகிதம் 6:1 என்றும், கால் தரும் விசை 40 கிலோ என்றும் கொண்டால், சிலிண்டருக்கு 240 கிலோ விசை கிடைக்கிறது. 1 அங்குல விட்டத்தில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ அழுத்தமாகிறது. விட்டம் ஒன்றேகால் அங்குலத்தைக்கூட எட்டாமல் 1.125 அங்குலமாக இருந்தாலே 37 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. பெரிய சிலிண்டர் கூடுதல் பிரேக் தரும் என்று எண்ணி வாங்குவோர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். விட்டத்தைக் குறைத்தால் அழுத்தம் கூடும், பெடல் பயணிக்கும் தூரமும் கூடும். இரண்டையும் எடைபோட்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து, பழைய டிரம் அமைப்பில் பின்சக்கரக் குழாயில் எப்போதும் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் ஒரு சிறிய வால்வு இருக்கும். டிரம்மில் வலுவான ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பின்னிழுப்பதால் அந்த அழுத்தம் தொந்தரவு செய்வதில்லை. டிஸ்க் பேடுகளைப் பிஸ்டனால் அழுத்தும் காலிப்பரில் அத்தகைய ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுடைய ரப்பர் வளையம், அழுத்தும்போது சற்று வளைந்து, விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு மட்டுமே பின்னுக்கு இழுக்கிறது. பழைய வால்வை எடுக்காமல் விட்டால் பேடுகள் டிஸ்க்கை விடவே விடா. ஓடுதளம் முழுவதும் உரசிக்கொண்டே போகும் கார் நேரத்தை இழக்கும். முன்சக்கரங்களை மட்டும் பூட்டிப் பின் டயர்களைச் சுழற்றிச் சூடேற்றும்போதே பின் டிஸ்க்குகளும் சூடேறிவிடும்.

பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சான ஆக்ஸிலையும் கவனிக்க வேண்டும். செவ்ரலேயின் 12 போல்ட் ஆக்ஸிலில் தண்டை உள்முனையில் சி வடிவக் கிளிப் ஒன்று பிடித்திருக்கிறது. அதனால் தண்டு உள்ளும் வெளியுமாகச் சற்றே அசையும். டிரம்முக்கு அது பொருட்டன்று. அசையாமல் பொருத்தப்பட்ட காலிப்பரிலோ, தண்டோடு நகரும் டிஸ்க் பேடுகளைத் தள்ளிப் பிஸ்டன்களை உள்ளே அனுப்பிவிடுகிறது. விளைவாக, ஓட்டத்தின் முடிவில் முதல் மிதியில் பெடல் பாதிக்கு இறங்கி, இரண்டாம் மிதியில்தான் பிடிக்கும். அந்த வேகத்தில் இரண்டாம் மிதிக்குக் காத்திருக்க நேரமில்லை. கிளிப்பை நீக்கி, தண்டை வெளிமுனையில் பேரிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் அமைப்புக்கு மாறுவதே என் பார்வையில் சரியான வழி. ஃபோர்டின் 9 அங்குல ஆக்ஸிலில் தண்டு தொடக்கத்திலிருந்தே அவ்வாறுதான் பிடிக்கப்படுகிறது.

டிராக் பந்தயத்துக்கென்றே விற்கப்படும் டிஸ்க்குகள் பல, காற்றோட்ட வழி இல்லாத மெல்லிய தகடுகள். ஒரே ஒரு முறை நிறுத்திவிட்டு நெடுநேரம் ஆறவிடும் காருக்கு அவை போதும். சாலையிலும் ஓடும் கனமான காருக்கு அவற்றைப் பொருத்துவது ஆபத்து.

கடைசியாக, ஒன்றுக்கொன்று முரணான இரு தேவைகள் எஞ்சுகின்றன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள காரைத் தொடக்கக் கோட்டில் காலால் பிடித்து நிறுத்தி எஞ்சினை முடுக்க, பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் வேண்டும். முடிவில் நிறுத்தும்போது எடை முன்னே சாய்வதால், அதே அழுத்தம் பின்சக்கரங்களைப் பூட்டி வாலைப் பக்கவாட்டில் வீசிவிடலாம். பின்குழாயில் அளவுக்கட்டுப்பாட்டு வால்வைத் திருகி அழுத்தத்தைக் குறைத்தால் முடிவு பாதுகாப்பாகும், தொடக்கம் பலவீனமாகும். முதல் கியரையும் பின்னோக்கு கியரையும் ஒரே நேரத்தில் பிணைத்துக் கியர்பாக்ஸையே பூட்டிவிடும் டிரான்ஸ்பிரேக் இருந்தால், தொடக்கத்தில் காரைப் பிடிக்கும் பொறுப்பு சக்கர பிரேக்குகளிடமிருந்து நீங்கி, அவற்றை நிறுத்துவதற்கென்று மட்டுமே சீரமைக்க முடிகிறது.