முதல் வேலை: வார்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

நர்சிங் முடித்து, பதிவுச் சான்றிதழும் கைக்கு வந்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐசியுவில் சேரட்டுமா, ஜெனரல் வார்டில் சேரட்டுமா?" என்றுதான். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு அடுத்ததும் வரும்: "ரொம்ப பயமா இருக்கு சிஸ்டர், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?"

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புதியவர்களை வார்டில் பழக்குவதே என் வேலை. பயம் இருப்பதில் தவறே இல்லை. மருந்தை ஏற்றும் முன் லேபிளை இன்னொரு தடவை படிக்க வைப்பது அந்தப் பயம்தான். எதற்குமே பயப்படாத புதியவரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும். அதனால் எந்த டிபார்ட்மென்ட், எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அப்புறம். சந்தேகம் வந்தால் போய்க் கேட்பதற்கு ஒரு ஆள் அங்கே இருக்கிறாரா? முதல் வேலைக்கு நான் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

பொட்டாசியம் குளோரைடு மருந்து இருக்கும் ஆம்பூலையே, அந்தச் சின்னக் குப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்க்காமல் நேராக ரத்தநாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். பார்வைக்கோ, அது ஸ்டெரைல் வாட்டரைப் போல நிறமில்லாத திரவம். நைட் டியூட்டி, இரவு 2 மணி. டாக்டர் எழுதிய ஆர்டரில் அளவு தெளிவாக இல்லை. ஒழுங்கான வார்டில் அந்த ஆம்பூல் மற்ற மருந்துகளோடு கலந்து கிடக்காது, தனியாகப் பூட்டி வைத்திருப்பார்கள். வெளியே எடுத்தால் இன்னொரு நர்ஸ் வந்து, நோயாளி யார், எவ்வளவு மருந்து, எதில் கலக்க வேண்டும், பம்ப் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று நீங்கள் போட்ட கணக்கைப் பார்க்காமல் தானே ஒரு தடவை போட்டுப் பார்ப்பார். டாக்டரை எழுப்பி ஆர்டரை உறுதி செய்துகொண்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வேறொரு வார்டில் இதே சந்தேகத்துக்கு, "இதுகூடத் தெரியாதா? காலேஜில் என்ன படிச்சே?" என்பார்கள். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்யத் தொடங்குவது அங்கேதான். நோயாளிக்கு ஆபத்தும் அங்கேதான்.

இன்டர்வியூவுக்குப் போனால் சம்பளத்தைக் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே, "என்னைப் பழக்கப்போகும் சீனியர் யார்? அவரும் நானும் ஒரே ஷிப்ட்டில்தான் இருப்போமா? எத்தனை வாரத்துக்குப் பிறகு நான் தனியாக நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்கும்?" என்றும் கேளுங்கள். பொறுப்பான இடமாக இருந்தால் வாரக்கணக்கோடு பதில் வரும். "அதெல்லாம் போகப் போகப் பழகிடும்" என்றால், பழக்க ஆளே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நைட் ஷிப்ட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று கேளுங்கள். பகல் கணக்கை மட்டும் சொல்லி நழுவப் பார்ப்பார்கள், விடாதீர்கள். 2002-இல் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஏக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. நர்ஸ்கள் சோர்ந்து நொந்துபோகும் வாய்ப்போ 23 சதவீதம் அதிகம். கலிஃபோர்னியாவில் இந்த எண்ணிக்கைக்குச் சட்டமே உண்டு, ஐசியுவில் ஒருவருக்கு அதிகபட்சம் 2 நோயாளிகள். எல்லா ஊரிலும் அப்படிச் சட்டம் இல்லை என்பதால், இதை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முடிந்தால் வார்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள், அதுவும் ஷிப்ட் மாறும் நேரத்தில். ஹேண்டோவர் எப்படி நடக்கிறது என்று பத்து நிமிடம் பார்த்தாலே அந்த இடம் புரிந்துவிடும். படுக்கைக்குப் படுக்கை போய், டிரிப் எவ்வளவு மீதி, உடலிலிருந்து திரவத்தை வெளியேற்றும் டிரெயின் குழாயில் எவ்வளவு வந்திருக்கிறது, எந்த ரிப்போர்ட் பாக்கி என்று சொல்லி ஒப்படைக்கிறார்களா, இல்லை பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று "எல்லாம் நார்மல்தான்" என்று கிளம்புகிறார்களா? அவசர டிராலியில் தினசரி சரிபார்த்த கையெழுத்து இருக்கிறதா? நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிப்போய் நம் கையில் குத்திவிட்டால் நள்ளிரவில் யாரிடம் போக வேண்டும் என்று அங்கிருக்கும் நர்ஸ் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அவருக்கு உடனே பதில் தெரியவில்லை என்றால் அதுவே போதிய தகவல். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நீங்கள் சேருவதற்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

இத்தனை காலம் விலக மாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்ட் இருந்தால் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். அசல் சான்றிதழ்களைப் பார்வைக்குக் காட்டலாம், ஒப்படைக்காதீர்கள்.

இனி ஐசியுவா, வார்டா? வார்டில் சேர்ந்தால்தான் அடிப்படை வரும் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பழக்குவதற்கு ஆள் இருக்கும் ஐசியு, முப்பது பேரைத் தனியாகப் பார்க்க விடும் வார்டைவிட எவ்வளவோ மேல். எங்கே சேர்ந்தாலும் ஒரே மாதிரியான வேலையில் கொஞ்ச காலம் நிலைத்திருக்க விடுவார்களா, ஆள் குறையும்போதெல்லாம் வேறு வார்டுக்கு அனுப்புவார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நர்ஸுக்குத் தன் வேலையைத் தானே திட்டமிட்டு நடத்தும் திறன் வர, ஒரே மாதிரியான சூழலில் 2, 3 வருடம் ஆகும் என்று நர்சிங் ஆய்வாளர் பேட்ரிஷியா பென்னர் 1984-இல் எழுதினார். நான் பழக்கிய பிள்ளைகளிடமும் அதைத்தான் பார்க்கிறேன். ஆறு மாதத்தில் எல்லாம் கைவரவில்லையே என்று அழுபவர்களிடம் நான் சொல்வதும் இதுதான்.

ஏற்கெனவே தவறான இடத்தில் சேர்ந்துவிட்டவர்களும் இதைப் படிக்கலாம். முதல் வாரத்திலேயே தனியாக நைட் பார்க்கச் சொன்னால், தேதி, நோயாளிகளின் எண்ணிக்கை, உங்களுக்கு இன்னும் பழகாத வேலைகள் மூன்றையும் எழுதி நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தும் மாறவில்லை என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள். சீக்கிரம் விலகியது பற்றி அடுத்த இன்டர்வியூவில் நிச்சயம் கேட்பார்கள். "பழக்க ஆளில்லாமல் இத்தனை நோயாளிகளைப் பார்ப்பது பாதுகாப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன், மாறவில்லை, விலகினேன்" என்று நேராகச் சொல்லுங்கள். நான் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் உங்களைத்தான் எடுப்பேன்.