கார்ப்பரேட் மீடியா: பொருள், வேர், தமிழ்ச் சொல்

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ டீக்கடை டிவியில் செய்தி ஓடினால், ‘எல்லாம் கார்ப்பரேட் மீடியாப்பா’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி ‘கார்ப்பரேட்’ என்ற சொல் தமிழில் தெருவுக்கே வந்துவிட்டது. கார்ப்பரேட் சதி, கார்ப்பரேட் சாமியார், கார்ப்பரேட் கைக்கூலி என்று எதனோடும் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் வசவாகத்தான் வருகிறது. ‘இதை நான் நம்பமாட்டேன்’ என்பதற்கு மேல் அதில் பொருள் இருப்பதில்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். இந்தச் சொல்லுக்குள் தெளிவான ஒரு பொருள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசினால், ஒரு செய்தியைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

லத்தீன் மொழியில் ‘கார்ப்பஸ்’ என்றால் உடல். பலரை ஓருடலாகச் சேர்ப்பது என்ற பொருளில் அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்தது; அதன் வழியாக ஆங்கிலத்துக்குக் ‘கார்ப்பரேட்’ வந்தது. பலர் சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாக ஆகிவிடுவதுதான் இதன் சாரம். அந்த ஆள் நிலம் வாங்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். பங்கு வைத்திருப்பவர்கள் செத்துப்போனாலும் அது சாகாது. வணிகவியல் பாடத்தில் ‘செயற்கை நபர்’ என்று படித்தோமே, அதுதான்.

இந்தச் செயற்கை நபரைச் சென்னைக்காரர்கள் பார்த்து மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1600ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று இங்கிலாந்து அரசியிடம் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஓர் உடல்தான். தமிழர்கள் அதைக் ‘கும்பினி’ என்றார்கள். கோட்டைக்கு வடக்கே, இன்றைய வடசென்னையில், துணி வெளுப்பவர்களை வண்ணாரப்பேட்டையில் குடியமர்த்தியது அந்தக் கும்பினியின் துணி வியாபாரம். அதே கும்பினி 1687இல் ஒரு பட்டயம் கொடுக்க, 1688 செப்டம்பர் 29 அன்று மதராசுக்கு ஒரு கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. ஒரு கார்ப்பரேட் உடல் இன்னொன்றைப் பெற்றுப் போட்டது என்றே சொல்லலாம். இன்றைக்கும் வியாசர்பாடியில் கார்ப்பரேஷன் ஸ்கூல், கார்ப்பரேஷன் பார்க், கார்ப்பரேஷன் குப்பை வண்டி என்று சொல்லும்போது யாரும் லாபத்தை நினைப்பதில்லை. வேர் மட்டும் ஒன்று.

தமிழ் இதை ஒரே சொல்லால் பெயர்க்கவில்லை. நகரத்தை ஆள்வது மாநகராட்சி. அரசு நடத்தும் பேருந்து அமைப்பு போக்குவரத்துக் கழகம். இலங்கைத் தமிழில் ‘கூட்டுத்தாபனம்’ என்ற சொல் நிலைத்திருக்கிறது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி என்பதற்கு நம் பாடநூல்கள் ‘நிறுமம்’ என்கின்றன. நிறுமச் சட்டம் 2013, நிறுமச் செயலர் என்று. எண்ணூரிலும் மணலியிலும் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் இவற்றில் எதையும் சொல்வதில்லை. ‘கம்பெனிக்குப் போறேன்’ என்பதுதான் அங்கே வழக்கு, அது நல்ல வழக்கும்கூட.

இந்தச் சொல்லின் சட்டப் பொருள் எவ்வளவு கனமானது என்பதைப் பெரம்பூர் வரலாறு காட்டும். அங்கிருந்த பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர். அப்போது ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்த திரு.வி.க.வும் உடன் நின்றார். மில் நிர்வாகம் வாடியா உள்ளிட்டவர்கள் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. கம்பெனி என்ற உடலுக்குச் சட்டத்தில் ஆள் என்ற அந்தஸ்து இருந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சேர்ந்த சங்கத்துக்கு அப்போது அது இல்லை. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: பதிவு செய்த ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஒரு ‘பாடி கார்ப்பரேட்’ என்று இருக்கும். அதாவது, சட்டத்தின்படி தொழிற்சங்கமும் கார்ப்பரேட்தான். எனவே வெறும் ‘கார்ப்பரேட்’ என்று சொல்வதால் யாரையும் குற்றம் சாட்டியதாக ஆகாது. எவ்வளவு பெரிய உடல், யாருக்காக இயங்கும் உடல் என்று சொன்னால்தான் பொருள் முழுமையாகும்.

அடுத்து ‘மீடியா’. லத்தீனில் ‘மீடியம்’ என்றால் நடுவில் இருப்பது; மீடியா அதன் பன்மை. பத்திரிகை, வானொலி எல்லாவற்றையும் சேர்த்து இப்படி அழைக்கும் வழக்கம் 1920களில் விளம்பரத் தொழிலில் பரவியது. விளம்பரக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் விளம்பரத்தைச் சுமந்து போகும் வழி என்பதே அதன் பொருள். இதை நினைவில் வைப்பது நல்லது. நாம் செய்தியை வாங்குகிறோம் என்று எண்ணுகிறோம். விளம்பரக்காரர் பார்வையில் விற்கப்படுவது நம் கவனம்.

தமிழில் ‘ஊடகம்’ அழகான ஆக்கம். ஊடு என்றால் இடை, உள். ஊடே, ஊடுருவு, ஊடுபயிர் எல்லாம் ஒரே குடும்பம். தறியில் பாவுக்குக் குறுக்கே ஓடும் நூலுக்கும் ஊடு என்றே பெயர். பொதுப்பேச்சுக்கு வரும் முன்பே அறிவியல் பாடத்தில் நமக்கு அறிமுகமான சொல் இது: ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குப் போகும்போது வளைகிறது. செய்திக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். வளைவது என்றால் பொய்யாவது என்று பொருளில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு வளைகிறது என்று கணக்கிட முடியும். அதற்கு ஊடகம் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும்.

இரண்டு சொல்லையும் சேர்த்தால்: செய்தியைத் தவிர வேறு தொழில்களும், விளம்பர வருமானமும், உரிமங்களும், கடன்களும் உள்ள ஒரு பெரிய கம்பெனியின் உறுப்பாக இயங்கும் செய்தி அமைப்பு. இதுதான் கார்ப்பரேட் மீடியா. அங்கே வேலை செய்யும் நிருபர் நேர்மையானவராக இருக்கலாம்; பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். சொல் குறிப்பது அமைப்பை.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்க்கிறார்கள். அதே குழுமம் 2022 டிசம்பரில் என்டிடிவியின் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. 2014இல் ரிலையன்ஸ் கட்டுப்பாட்டுக்குப் போன நெட்வொர்க்18 குழுமத்துக்குத் தமிழிலும் செய்திச் சேனல் உண்டு. இதனால் இந்தச் சேனல்கள் சொல்வதெல்லாம் பொய் என்று முடிவு கட்டினால் அது சோம்பேறித்தனம். காட்டுப்பள்ளியைப் பற்றி ஒரு செய்தி வரும்போது, துறைமுகத்தின் உரிமையாளரும் சேனலின் உரிமையாளரும் ஒன்றா என்று பார்ப்பது வாசகரின் வேலை. பிறகு மீனவர் தரப்பு அதில் வந்திருக்கிறதா, வந்திருந்தால் எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும்.

உரிமையாளர் மட்டும் முழுக் கதை கிடையாது. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெயால் பாதிப்பு இல்லை என்ற அறிவிப்புதான் முதலில் எண்ணூரின் காமராசர் துறைமுகத் தரப்பிலிருந்து வந்தது. செய்தியும் அதை வைத்தே தொடங்கியது. எர்ணாவூர்க் கரையில் கறுப்பு எண்ணெய் ஒதுங்கி, மீனவர்களும் இளைஞர்களும் வாளியில் அள்ளத் தொடங்கிய பிறகே படம் மாறியது. அந்தத் துறைமுகம் தனியாருடையது கிடையாது. அரசுக்குச் சொந்தமானது, இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் முதலில் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டதும் அதுதான். இங்கே பிரச்சினை, செய்தி எங்கிருந்து வருகிறது என்பது. அலுவலக மின்னஞ்சலுக்கு வரும் அறிக்கைக்குச் செலவில்லை. எர்ணாவூருக்கு ஒரு நிருபரை அனுப்பி ஒருநாள் முழுக்க நிற்க வைக்கச் செலவாகும். லாபக் கணக்குப் பார்க்கும் உடல் எதைத் தேர்ந்தெடுக்கும்?

‘வடசென்னை ரவுடி’ என்ற தலைப்பு ஓயாமல் வருவதற்கும் இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். டிவி அலுவலகங்கள் பல எக்காட்டுத்தாங்கல், எம்.ஆர்.சி. நகர் பக்கம் இருக்கின்றன. காவல்துறைக் குறிப்பு அங்கேயே போய்ச் சேர்கிறது. வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து ஆடும் பிள்ளைகளைப் பற்றி யாரும் குறிப்பு அனுப்புவதில்லை. இப்படித்தான் லட்சக்கணக்கான மக்கள் வாழும் ஒரு பகுதிக்கு ஒரே அடைமொழி நிலைத்துவிடுகிறது. அங்கே வளரும் பிள்ளை வேலைக்கு மனுப் போடும்போது முகவரியை எழுதத் தயங்குகிறது என்றால், அந்தத் தயக்கத்தில் இந்தத் தலைப்புகளுக்குப் பங்கு உண்டு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

சரி, எதையெல்லாம் கார்ப்பரேட் மீடியா என்று சொல்லக் கூடாது? தமிழ்நாட்டில் ஜெயா டிவி, கலைஞர் டிவி, மக்கள் டிவி போன்றவை அரசியல் கட்சிகளைச் சார்ந்து பிறந்தவை. அவற்றைக் ‘கட்சி ஊடகம்’ என்றால் உடனே புரியும். தூர்தர்ஷன் அரசு ஊடகம். காசு வாங்கிக்கொண்டு செய்தி வடிவில் விளம்பரம் போடுவது ‘கட்டணச் செய்தி’. பிரஸ் கவுன்சில் 2010இல் தனி அறிக்கையே வெளியிட்ட அளவுக்கு இது தேர்தல் காலத்தில் பரவியிருந்தது. பெரிய நாளிதழும் செய்யலாம், சின்ன வாரஇதழும் செய்யலாம். யூடியூபில் தனியாளாகப் பேசுகிறவர் கார்ப்பரேட் இல்லை என்பதாலேயே நம்பகமானவர் ஆகிவிடமாட்டார். அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதிலும் தவறில்லை.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘பெருநிறுவன ஊடகம்’ என்பது இப்போது நன்றாகப் பரவிவிட்டது. நானும் அதையே எழுதுகிறேன். அளவைச் சொல்லும் ‘பெரு’ அதில் முன்னால் நிற்பது பெரிய வசதி. ‘பெருமுதலாளிய ஊடகம்’ என்பதும் வழங்குகிறது, ஆனால் அது முதலாளி என்ற மனிதரை நினைவூட்டுகிறது. சாகாத அந்த உடலைக் காட்டுவதில்லை. ‘குழும ஊடகம்’ பல தொழில்கள் ஒரே கையில் இருப்பதைச் சரியாகச் சொல்லும், என்றாலும் பேச்சில் எடுபடவில்லை. ‘நிறும ஊடகம்’ சட்டப்படி துல்லியம், காதுக்கு அந்நியம். பேசும்போது ‘கம்பெனி டிவி’, ‘கம்பெனிப் பத்திரிகை’ என்றால் எண்ணூரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எந்தக் கம்பெனி என்பதையும் சேர்த்தே சொல்லலாம்: ‘துறைமுகக் கம்பெனியோட டிவி’.