கெட்சாலின் இறகில் பச்சை எங்கே?

குவாத்தமாலா நாட்டுக் கொடியின் நடுவே ஒரு பச்சைப் பறவை உட்கார்ந்திருக்கும். கெட்சால் என்று பெயர். 1871-இல் கொடியில் ஏறிய பறவை. பிறகு நாட்டின் பணத்துக்கும் அதே பெயர். அங்கே காப்பி குடித்தால் கெட்சாலில்தான் காசு கொடுக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பறவையின் இறகில் பச்சைச் சாயமே கிடையாது.

ஆண் கெட்சாலுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள இறகுகள் வாலுக்குப் பின்னால் தொங்கும். அவற்றைப் பொடித்தால் கிடைப்பது பழுப்புத் தூள்தான். உள்ளே இருப்பது மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள். கெட்சால் இறகுக்கு எங்கே போவது என்கிறீர்களா? மயிலிறகு போதும், இரண்டும் ஒரே வித்தை. உங்கள் முதுகுப் பக்கமிருந்து வெயில் விழும்படி பிடித்தால் மினுங்கும். அப்புறம் அதையே ஜன்னலுக்கு எதிரே தூக்கி, வெளிச்சம் ஊடுருவி வரும்படி பாருங்கள். வெறும் பழுப்பு.

இறகின் மிக மெல்லிய இழைகளுக்குள் மெலனின் துகள்கள் சீரான இடைவெளியில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் ஒளி பட்டுத் திரும்புகிறது. கீழடுக்கு வரை போய்வரும் அலைக்குக் கூடுதல் தூரம். அந்தத் தூரம் பச்சை ஒளியின் அலைநீளத்தோடு (சுமார் 530 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு) பொருந்திப்போனால், பச்சை அலைகள் கைகோத்து வலுக்கும். மற்ற நிறங்கள் மங்கிவிடும். உள்ளே இறங்கிய மிச்ச ஒளியை மெலனின் விழுங்கிவிடும். சோப்புக் குமிழியில் நிறம் ஓடுவதும் இந்தக் கணக்கில்தான்.

சாய்வாகப் பார்த்தால் கணக்கு மாறும், பச்சை நீலத்தின் பக்கம் நகரும். குவாத்தமாலாப் பகுதியின் பழங்குடி மக்களான மாயர்களிடம் பச்சைக்கும் நீலத்துக்கும் சேர்த்து 'யாஷ்' என்று ஒரே சொல். இந்த இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அது குறையாகவே பட்டிருக்காது என்று நினைக்கிறேன். வயிற்றுச் சிவப்பு மட்டும் அசல் சாயம்.

மாயர்களின் டிக்கால் நகரம் தாழ்நிலக் காட்டில் இருக்கிறது. அங்கே 47 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் 8-ஆம் நூற்றாண்டுக் கோயிலின் வாசல் உத்தரங்கள் சப்போட்டா மரத்தில் செதுக்கியவை. ஆமாம், நாம் பழம் தின்னும் அதே சப்போட்டா! மரம் பக்கத்திலேயே கிடைத்தது. கெட்சாலோ மேகம் படியும் மலைக்காட்டுப் பறவை. மன்னர்களின் தலையணிக்கு இறகு மலையிலிருந்து கைமாறித்தான் வந்தாக வேண்டும். டிக்கால் கற்பலகைகளில் அந்தத் தலையணிகளை இன்றும் பார்க்கலாம். அசல் இறகுகள் காட்டு ஈரத்தில் மக்கிப்போயின.

நனையாமல் தப்பியது ஒன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாயர்களுடையது அல்ல, மெக்சிகோவிலிருந்து போன 16-ஆம் நூற்றாண்டு இறகுத் தலையணி. நூற்றுக்கணக்கான கெட்சால் இறகுகள், சுமார் 500 வயது. வெளுப்பதற்குச் சாயம் இல்லாததால் இன்னும் பச்சையாகவே மின்னுகின்றன.