நிமோனியா: நுரை போன ஈரல்

நாகலூரில் என் அத்தை ஏழு வெள்ளாடு வளர்த்தார். போன ஐப்பசி அடைமழையில் ஒன்று நாலு நாள் செருமிக்கொண்டே கிடந்து செத்துப்போனது. கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்தார். நுரையீரலின் முன்பக்க மடல் கருஞ்சிவப்பாக இறுகிக் கிடந்தது. அதில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. பின்பக்கத்தில் இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் இன்னொரு துண்டு வெட்டிப் போட்டார், அது மிதந்தது. "நிமோனியாம்மா" என்றார். "அப்படின்னா?" என்று அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்.

நிமோனியா கிரேக்கச் சொல். 'ப்னியூமோன்' என்றால் நுரையீரல். அதில் வரும் நோய் நிமோனியா. அந்த 'ப்னியூமோன்' இன்னும் பழைய காலத்தில் 'ப்ளியூமோன்' என்று இருந்தது. மிதப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து அது வந்தது என்பது மொழியறிஞர் கருத்து. மூச்சு என்று பொருள்படும் 'ப்னியூமா'வின் சாயல் பிறகு ஏறித்தான் 'ப்ளி' என்பது 'ப்னி' ஆனது. ஆக, நுரையீரலுக்கு அவர்கள் வைத்த பெயரே 'மிதப்பது'. வாளியில் நான் பார்த்ததும் அதுதான்.

தமிழில் இது இன்னும் அழகாக இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் ஈரல் என்றே சொல்லி, முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துப் பிரிக்கிறோம்: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். காற்றறைகள் நிறைந்து, அழுத்தினால் நுரை வருவது நுரையீரல். பாக்டீரியா புகுந்ததும் அந்த அறைகளில் காற்று இருந்த இடத்தை நீரும் சீழும் வெள்ளணுக்களும் அடைத்துக்கொள்கின்றன. அப்போது அது கல்லீரல் மாதிரி கெட்டியாகிவிடுகிறது. நோயியல் நூல்கள் இந்த நிலையை 'ஹெபடைசேஷன்' என்கின்றன. 'ஹெபர்' என்றால் கிரேக்கத்தில் கல்லீரல். நுரையீரல் கல்லீரலாவது என்று சொன்னால் தமிழில் விளக்கமே வேண்டியதில்லை. நம் பெயர்களுக்குள்ளேயே அது இருக்கிறது.

சரி, நிமோனியாவுக்கு நேர்ச்சொல் என்ன? நுரையீரல் அழற்சி. அழல் என்றால் தீ, அதிலிருந்து அழற்சி. சிலர் 'சளிக்காய்ச்சல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, சாதாரணச் சளியோடு வரும் காய்ச்சலுக்கும் அதே பெயர்தான். 'செருமல்' ஆடுமாடுகளின் இருமலுக்கு நல்ல சொல். ஆனால் அது அறிகுறி, நோயின் பெயரல்ல.

காட்டு விலங்குகளைப் பற்றி எழுதும்போது சொல் இன்னும் சரியாக இருக்க வேண்டும். ஆடு, மாடு, மான் போல் குளம்பு உள்ளவற்றைக் 'குளம்பி' என்று சுருக்கி எழுதலாம்தான். ஆனால் காபிக்கும் அந்தச் சொல்லைச் சிலர் புழங்குகிறார்கள். காபித் தோட்டத்துக்கு நடுவே காட்டுமாடு மேயும் ஏற்காட்டில் அது குழப்பும். குளம்புள்ள விலங்குகள் என்றே எழுதுவேன்.

இவற்றில் நுரையீரல் அழற்சிக்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, வட அமெரிக்க மலைகளில் வாழும் பெருங்கொம்புச் செம்மறி. அங்கே முதலில் புகுவது 'மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே' என்ற பாக்டீரியா. 'ஓவிஸ்' என்றால் செம்மறி. வீட்டு ஆடுகள் இதைச் சுமந்துகொண்டு பெரிய தொந்தரவில்லாமல் திரியும். மூக்கோடு மூக்கு உரசி அது காட்டு மந்தைக்குப் போனால் கதை வேறு. மூச்சுக்குழாயில் தூசியை மேலே தள்ளும் நுண்மயிர்களை அது முடக்கிவிடுகிறது. தொண்டையில் சும்மா இருந்த மற்ற பாக்டீரியாக்கள் உள்ளே இறங்குகின்றன. பெரிய ஆடுகள் பல சாகின்றன. பிழைத்த தாய் ஆடுகளில் சில நோயைச் சுமப்பதால், அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறக்கும் குட்டிகள் சில மாதம்கூட ஆகாமல் சாகின்றன. இதை நினைத்தால் மனம் கனக்கிறது.

2015 மே மாதம் கஜகஸ்தானில் சைகா மான்கள் 2 லட்சத்துக்கும் மேல் சுமார் 3 வாரத்தில் செத்தன. உலகில் இருந்த சைகாக்களில் பாதிக்கும் மேல். இதையும் நிமோனியா என்று எழுதினால் தவறு. அவற்றைக் கொன்றது 'பாஸ்டுரெல்லா மல்டோசிடா'. லூயி பாஸ்டர் பெயரால் அமைந்த பாக்டீரியா. வழக்கமாகத் தொண்டையில் அடங்கிக் கிடப்பது, அசாதாரணமான வெப்பமும் ஈரமும் சேர்ந்த அந்த நாட்களில் பெருகி ரத்தத்தில் பரவிவிட்டது. இந்த நோய்க்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு: தொண்டை அடைப்பான். மழைக்கு முன் மாட்டுக்கும் எருமைக்கும் தடுப்பூசி போடுகிறார்களே, அதே நோய். அப்புறம், 2016 கடைசியில் தொடங்கி மங்கோலியாவில் சைகாக்களைக் கொன்றது ஆட்டுக்கொல்லி, அது வைரஸ்.

எல்லாவற்றையும் 'மர்ம நோய்' என்று எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. சேர்வராயன் மலைக் காட்டுமாடும் மாட்டினம்தான். தொண்டை அடைப்பான் அதற்கும் வரக்கூடியது. ஊர் மாட்டுக்குப் போடும் ஊசி காட்டுமாட்டுக்கும் ஒரு வேலிதான் என்று புரியவைக்க, அந்தப் பழகிய பெயர் போதும்.

அத்தைக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். இப்போது யாராவது அந்த ஆட்டைப் பற்றிக் கேட்டால், "ஈரல்ல நுரை போயிருச்சு" என்கிறார்.