ஒல்லாந்தர் சுவரும் சீமெந்துப் பூச்சும்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் பழைய கடையொன்றைத் திருத்துவதற்காக என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும், "இது ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம், சேர்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை கண்ணெதிரே நிற்பதாலோ என்னவோ, தடித்த சுவர் எதுவாயினும் அது ஒல்லாந்தருடையது என்பது நகரில் எழுதாத சட்டமாகிவிட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைத் தொல்பொருட் சட்டம் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. உரிமையாளரின் பெருமை உண்மையாக இருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அவர் ஒரு கல்லையும் அசைக்க முடியாது.

சென்ற ஆண்டு நான் பார்த்த கடைக்கு இன்னும் சுவையான கதை இருந்தது. பின்னறையைக் காட்டிய உரிமையாளர், "வெள்ளைக்காரன் இதுக்குள்ளதான் பியர் காச்சினவனாம், அப்பப்பா சொல்லுவார்" என்றார். குளிரூட்டும் இயந்திரம் வருவதற்கு முந்திய காலத்தில் பியருக்குக் குளிர்ந்த காலநிலை தேவைப்பட்டது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் அங்கு அமைத்த பியர் ஆலைக்கு அந்த மலைக்குளிர் கைகொடுத்தது. நம் கரையின் வெக்கையில் மரத்திலிருந்து இறக்கும்போதே புளிக்கத் தொடங்கும் கள்ளுக்கு ஆலையும் வேண்டாம், தடித்த சுவரும் வேண்டாம். உயர்த்திக் கட்டிய தரை, கூரையோரம் கம்பியிட்ட சிறு சாளரங்கள், மூடை தூக்கி நுழையக்கூடிய அகன்ற இரட்டைக் கதவு ஆகியவற்றைப் பார்த்தால், அது நெல்லோ கொப்பறாவோ ஈரம்படாமல் அடுக்கிவைத்த களஞ்சியம் என்றே சொல்லத் தோன்றும்.

காலத்தைக் கணிக்க ஓடு கொஞ்சம் உதவியது. கடையின் முன்பகுதிக் கூரையை 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கொண்டுபோய்விட்டதால் அங்கே இப்போது அஸ்பெஸ்டஸ் தகடு இருக்கிறது. பின்னறையில் பழைய ஓடு தப்பியிருந்தது. ஒன்றைக் கழற்றித் திருப்பியபோது அடிப்பக்கத்தில் மங்களூர் என்ற ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம் ஓட்டு ஆலையைத் தொடங்கியது 1865இல். ஓடு சுவருக்குப் பிந்தியதாகவும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் சுவரின் செங்கல் அளவையும் சாந்தையும் சேர்த்துப் பார்த்தபோது, அது ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம் என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை.

உரிமையாளர் என்னை அழைத்தது இந்தக் கதைக்காக அல்ல. பத்து ஆண்டுகளில் இரண்டு முறை சீமெந்துப் பூச்சுப் போட்டும், சுவர் முழங்கால் உயரம்வரை வீங்கி உதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் தட்டினால் பொள்ளென்ற ஓசை. ஒரு துண்டைப் பெயர்த்தபோது பூச்சின் பின்புறத்தில் பஞ்சுபோல வெள்ளை உப்புப் பூத்திருந்தது, உள்ளிருந்த செங்கல் மாவாகக் கொட்டியது.

புளியந்தீவைச் சுற்றி உவர்நீர் வாவி. நிலத்து ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புச் சாந்து நுண்துளை மிக்கது என்பதால் அந்த ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடும், உப்பு மேற்பரப்பில் தங்கும், தூரிகையால் தட்டிவிடலாம். இறுகிய சீமெந்தும் அதன்மேல் பூசும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் மேலும் உயரத்துக்கு ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி விரிந்து, சீமெந்தைவிட மென்மையான செங்கல்லையே நொறுக்குகிறது. பூச்சு விழுந்த பிறகு மேசன் இன்னும் "ஸ்ட்ரோங்காக" கலந்து பூசுவார், சேதமும் இன்னும் ஆழமாகும்.

ஆகவே சீமெந்தைக் கவனமாக உளியால் பெயர்த்து, சித்திரையிலிருந்து ஆவணிவரையான வறண்ட மாதங்களில் சுவரைத் திறந்தே காயவிட வேண்டும். வெளிவரும் உப்பை உலர்ந்த தூரிகையால் அகற்ற வேண்டும், கழுவினால் அது திரும்பவும் உள்ளே போய்விடும். அதன் பின்னர் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத ஆற்றுமணல் என்ற அளவில் மெல்லிய படைகளாகப் பூசி, சாக்குத் தொங்கவிட்டுச் சில நாட்கள் ஈரம் காக்க வேண்டும். முன்னர்போல முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்க வேண்டியதில்லை, கடற்கரையில் அதை அகழ்வதற்குச் சட்டத்தில் இடமுமில்லை. கடையில் வாங்கும் நீற்றிய சுண்ணாம்பே போதும், ஆனால் காற்றுப்பட்டுப் பழசான பைக்குப் பிடிப்பு இராது. பலத்துக்காகக் கொஞ்சம் சீமெந்து சேர்ப்போம் என்று மேசன் கேட்பார். அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஷட்டர் பொருத்துவதற்காக வாசல் வளைவை வெட்டுவது வேறொரு தலைவலி. வளைவு தன்மீதுள்ள சுமையைப் பக்கச் சுவர்களுக்குத் தள்ளி நிற்பது, முட்டுக் கொடுக்காமல் அதை அறுத்தால் பக்கத்துக் கடையிலும் வெடிப்பு விழும்.

அந்தப் பின்னறைச் சுவர் இப்போது பூச்சின்றிக் காய்ந்துகொண்டிருக்கிறது. நான் முதலில் மாற்றச் சொன்னது சுவரையல்ல, அதற்கு நேர் மேலே துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்த பீலியை. மாரி தொடங்குவதற்குள் அதைச் செய்துவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார்.